கொடியில் நாற்பத்து மூன்று துணி

பிளாஸ்டிக்கை வெட்டலாம், பிரிக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரமும் இரண்டு பிளேடும் ஆகியிருக்கின்றன. ஓரத்தில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடக்கிற விளிம்பு கால் அங்குலம் இருக்கும், அதுவரைக்கும் பிளேடு வழுக்கிக்கொண்டு போகிறது, அதைத் தாண்டி என் காகிதம் தொடங்குகிற இடத்தில் நகத்தை விட்டுத் தூக்கினால் காகிதத்தின் தோலும் கூடவே உரிந்து வருகிறது, அடிபட்ட முழங்காலிலிருந்து பிளாஸ்திரி வருகிற மாதிரி. மணி இரண்டே முக்கால். அரசி பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் இதில் எதையாவது காப்பாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவளிடம் சொல்லப்போகிற முதல் வாக்கியத்தையாவது தயார் செய்துவிட வேண்டும். இரண்டும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை. காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, ‘டேபிள்ல உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன், நான் போனப்புறம் பாருங்க’ என்றாள். சிரித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எனக்கு எதையும் ஒளித்துவைத்துக் கொடுத்ததில்லை, அதனால் வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் பொறுத்திருந்து போய்ப் பார்த்தேன். கடைக் கவரில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு ரப்பர் பேண்டு. பிரித்தால் பளபளவென்று, ஹோட்டல் மெனு கார்டு மாதிரி, என் மொட்டைமாடி. நாற்பத்து மூன்று துணியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நசுங்கி, மூச்சு நின்றுபோய். பாலியெஸ்டர் துண்டுகள் சூட்டில் சுருங்கிப் பட்டாணி அளவுக்கு முடிச்சாகிவிட்டிருந்தன. நான் பெரியப்பா காரியத்துக்காகப் புதுக்கோட்டைக்குப் போய் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அந்த இரண்டு நாளில் இதை பீரோ மேலிருந்து எடுத்து லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள். எனக்காக. அன்போடு. அந்த அன்பை நினைக்கும்போதுதான் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வேண்டுமென்றே கிழித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. கிழித்தவளிடம் கத்தலாம். பத்திரப்படுத்தியவளிடம் எப்படிக் கத்துவது?

இது என்னவென்று வேறு யாருக்காவது சொல்லவேண்டி வந்தால் எப்படிச் சொல்வேன் என்றும் தெரியவில்லை. அரைச் சார்ட் அளவில் ஒரு காகிதம். நானே செய்த காகிதம், ஊறவைத்து, பழைய மிக்ஸியில் அரைத்து, ஜன்னல் கொசுவலையில் வடித்துக் காயவைத்தது. அதில் எதிர்வீட்டு மொட்டைமாடி. குறுக்கே ஆறு நூல்கொடி. கொடியில் நகத்தளவு நகத்தளவாகத் துணிகள். லுங்கி, ஸ்கூல் சட்டை, பாவாடை, ஒரு காக்கி பேண்ட், ஜோடி பிரிந்த சாக்ஸ். எல்லாமே மேல்விளிம்பில் மட்டும் ஒட்டியவை. கீழ்ப்பக்கம் விட்டிருக்கிறது. அந்த விட்ட பக்கம்தான் எல்லாமே. நான் தோஹாவில் இருபத்தோரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன், ஏ.சி. காற்று போகிற டக்ட்டுகளை வரைகிறவன். எத்தனையோ மாடிக் கட்டிடங்களுக்குக் காற்று போகிற வழியை நான்தான் போட்டேன். காற்றை எப்படி வரைவது? ஒரு நீல அம்புக்குறி. அவ்வளவுதான். இருபத்தோரு வருஷம் நீல அம்புக்குறி. திரும்பி வந்து முதல் ஆறு மாதம் வீட்டில் குழாய் குழாயாகக் கழற்றி மாட்டினேன், ஸ்விட்ச் போர்டுகளைத் துடைத்தேன், அப்புறம் கழற்ற ஒன்றும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அரசியின் தையல் பார்சலோடு வந்த ஒரு துண்டுத் துணியை, ஏனென்று தெரியாமல், லுங்கி மாதிரி வெட்டி, ஒரு பழைய பத்திரிகை அட்டையில் மேல்விளிம்பை மட்டும் மைதா பசையால் ஒட்டினேன். ஃபேன் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. லுங்கி லேசாகத் தூக்கியது. விட்டது. மறுபடி தூக்கியது. எனக்கு நாற்பத்தேழு முடிந்து நாற்பத்தெட்டு. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். காற்று அங்கே இருந்தது, என் விரலுக்குக் கீழே, அம்புக்குறி இல்லாமல். அன்றையிலிருந்து தினமும் மத்தியானம் இதுதான். ஜெய்லானி டெய்லர் கடைக்குப் போய் வெட்டி விழுந்த துணி கேட்டேன். ‘தலகாணிக்கா சார்?’ என்றான். இல்லை என்றேன். ‘வண்டி தொடைக்கவா?’ ‘இல்லப்பா.’ ‘பின்ன?’ ‘சும்மா.’ ‘சும்மாவா! அப்ப சும்மாவே எடுத்துக்குங்க’ என்று ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டு, உள்ளே இருந்த பெண்ணிடம் என்னவோ சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். காகிதத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள். நான் ஊரில் இல்லாத வருஷங்களில் வந்த பத்திரிகைகள் எல்லாம் பரண்மேல் ஒரு சாக்கில் இருந்தன, மஞ்சள் தடவிய காகிதத்தை யாரும் குப்பையில் போடமாட்டார்களே. நான் போகாத நூற்றுச் சொச்சம் கல்யாணம். அரைப்பதற்கு முன் பிள்ளையாரை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டேன். சாமியை மிக்ஸியில் போட மனசு வரவில்லை. முதலில் ஷூ டப்பாவில் போட்டு, அது சரியில்லை என்று பிஸ்கட் டின்னுக்கு மாற்றினேன். இப்படிப்பட்ட ஒரு மனிதன்தான் நான். பிள்ளையாரை இடம் மாற்றி வைத்தவன், மூன்று மாதம் உட்கார்ந்து நாற்பத்து மூன்று துணி வெட்டியவன், ரெகுலேட்டரை ஒன்றில் வைத்து, இரண்டில் வைத்து, இரண்டுக்கு மேல் போனால் ஒட்டு விட்டுவிடுமோ என்று பயந்து மறுபடி ஒன்றில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவன். விற்க இல்லை, மாட்ட இல்லை, போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பவும் இல்லை. ஆடும். பார்ப்பேன். அதைத்தான் ரோலரில் விட்டு எடுத்திருக்கிறார்கள்.

ரோலர் என்பதுகூட இப்போதுதான் தெரியும். பதினொரு மணிக்குப் பொறுக்கமுடியாமல், கவரில் இருந்த நம்பரைப் பார்த்து லேமினேஷன் கடைக்குப் போன் பண்ணினேன். ‘டீச்சரம்மா வீட்டுலேர்ந்தா? நல்லா வந்திருக்கா சார்?’ என்றான். இதைத் திரும்பப் பிரிக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். ‘ஏன் சார் பிரிக்கணும்? பபிள் எதும் வந்திருக்கா?’ இல்லை, உள்ளே இருப்பது எனக்கு வேண்டும் என்றேன். ‘உள்ளதான சார் இருக்கு! எங்கயும் போவாது. ஆயுசுக்கும் போவாது. டீச்சரம்மா மூணு தடவ சொன்னாங்க சார், சுருக்கம் வராம பாத்துக்கப்பான்னு. ரோலர்ல ஒரு தடவ விட்டதுல மேடு மேடா இருந்துச்சு. அதான் ரெண்டாவது தடவையும் விட்டு நல்லா தட்டையாக்கிக் குடுத்தேன்.’ அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். நன்றி! வாய் பழக்கம். இரண்டாவது தடவை. ஒரு தடவையில் சாகவில்லை என்று இரண்டாவது தடவை. அப்புறம் அயர்ன் பாக்ஸை எடுத்தேன், சூட்டில் பசை இளகும் என்று நினைத்தேன், மேலே செய்தித்தாள் போட்டுத் தேய்த்தேன், பிளாஸ்டிக் இளகி மூலையில் ஒரு விரற்கடை பிரிந்தது, அதோடு ஒரு ஸ்கூல் சட்டை முழுசாக வந்தது. காலர் இல்லாமல். அந்தச் சட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை விட்டுவிடலாம். இந்த வீட்டில் பிளாஸ்டிக்குக்கு வெளியே என்ன இருக்கிறது? ரிமோட்டுக்கு உறை, உறைக்கு மேலே அழுத்தி அழுத்தி அஞ்சாம் நம்பர் இருக்கிற இடம் தேய்ந்துபோய், உறையில் தேய்ந்திருக்கிறது, ரிமோட்டில் இல்லை. சோபா வந்து எட்டு வருஷம், அதன் துணி என்ன மாதிரி இருக்கும் என்று என் முதுகுக்குத் தெரியாது. கல்யாணமாகி நாலாவது மாதம் என் டிப்ளமா சர்ட்டிபிகேட்டை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து நின்றாள், இதே சிரிப்போடு. வெளிநாட்டு வேலைக்காக அதை அட்டெஸ்டேஷனுக்குக் கொடுத்த இடத்தில், பின்னால் சீல் குத்த முடியாது, பிரித்துக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். டூப்ளிகேட் வாங்குவதற்குள் தோஹா பயணம் ஆறு வாரம் தள்ளிப்போனது. அப்போது எனக்குக் கோபமே வரவில்லை. அவள் அழுதாள், நான் சிரித்தேன், ஆறு வாரம் கூடுதலாகக் கிடைத்ததே என்று சொன்னேன். அந்த ஆளை எங்கே தொலைத்தேன்? இன்னொன்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது, நினைக்க விருப்பமில்லை. பையன் கதிரவன் எல்.கே.ஜி.யில் கிரேயானில் கிறுக்கிய ஒரு யானையை லேமினேட் பண்ணி எனக்கு அனுப்பினாள். அது தோஹாவில் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் என் கட்டிலுக்கு மேலே பதினான்கு வருஷம் தொங்கியது. கூட இருந்தவர்களின் பிள்ளைகள் வரைந்து அனுப்பியவை எல்லாம் தூசியில், வியர்வையில், ஏ.சி. தண்ணீர் சொட்டியதில் போய்விட்டன. என் பையனின் யானை மட்டும் இருந்தது. பிளாஸ்டிக்கால்தான் இருந்தது. சரி, இருக்கட்டும். அதற்காக?

முதல் வாக்கியம். ‘என்னைக் கேட்டிருக்கலாம்.’ இது ரொம்ப மெலிசு, இதைச் சொன்னால், ‘சர்ப்ரைஸ்னா கேட்டுட்டா செய்வாங்க’ என்பாள், அதோடு முடிந்துவிடும். ‘உனக்கு இதுல என்ன உரிமை’ என்றால் சினிமா மாதிரி இருக்கிறது. எனக்குக் கோபப்படத் தெரியாது, அதுதான் விஷயம். பத்தாவதுவரை தமிழில் படித்தேன், பாலிடெக்னிக்கும் பிழைப்பும் இங்கிலீஷ். தோஹாவில் கோபம் வந்தால் மெயில் எழுதுவேன், மரியாதையாக, பாராவுக்கு நம்பர் போட்டு, கத்தியை ரிப்பனில் சுற்றி. அந்த பாஷையில் எனக்குக் கோபப்பட வரும். வீட்டு பாஷையில் எனக்கு இருந்தது வெள்ளிக்கிழமை போனில் இருபது நிமிஷம். சாப்பிட்டியா, மழையா, பையன் எப்படி, கேஸ் வந்ததா. இருபது நிமிஷத்தில் சண்டை போட முடியாது. ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது, முடிக்காமல் வைத்தால் அடுத்த வெள்ளிவரை அதை யார் சுமப்பது? அதனால் இரண்டு பேரும் ஆரம்பிக்காமலே இருந்தோம். ஊருக்கு வந்தால் முப்பது நாள், அதில் யார் சண்டை போடுவார்கள். இருபத்தோரு வருஷம் ஒரு வார்த்தை தடிக்காத தம்பதி என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தடிக்க இடமில்லை, அவ்வளவுதான். இப்போது இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, காரணம் மேஜைமேல் பளபளவென்று கிடக்கிறது, எனக்கு வாய் வரவில்லை. பயம்தான். இன்றைக்கு ஆரம்பித்தால் லேமினேஷனில் நிற்காது. நான் இல்லாத வீட்டை அவள் நடத்திப் பழகிவிட்டாள், நான் வந்த பிறகு என்னையும் எங்காவது சுருக்கமில்லாமல் வைத்துவிடப் பார்க்கிறாள் என்று வாயில் வந்துவிடும். அது உண்மையா? தெரியாது. உண்மையாக இல்லாவிட்டாலும் கோபத்தில் நன்றாகத்தான் இருக்கும். சரி, நிதானமாக யோசி. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? யார் பார்த்தாலும் தெரியுமே, கீழ்ப்பக்கம் விட்டிருப்பது ஆடுவதற்குத்தான் என்று. ஃபேனுக்குக் கீழே ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்திருந்தால் போதுமே. இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குக் காலில் முள் குத்துகிற மாதிரி என்னவோ தட்டுகிறது, காலையிலிருந்து நாலு தடவை தட்டிவிட்டது, ஒவ்வொரு தடவையும் தாண்டிப்போய் மறுபடி பிளேடை எடுத்துக்கொள்கிறேன். அவள் எப்போது அதை ஃபேனுக்குக் கீழே பார்த்தாள்? பார்த்ததில்லை. ஏன் பார்த்ததில்லை? நாலு முப்பத்தைந்துக்கு அவள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும். நாலு முப்பத்தாறுக்கு ஃபேன் நிற்கும், கத்தரி டிராயருக்குப் போகும், காகிதம் பீரோ மேலே போகும். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை கேலி பண்ணியதில்லை. நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற மனுஷி கதவைத் திறக்கும்போது, புருஷன் பொம்மைக்கு ஜட்டி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, அதுதான். அது என் மானம். அதற்கும் லேமினேஷனுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று மறுபடியும் சொல்லிக்கொண்டு கீறியதில் பிளேடு கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

வண்டிச் சத்தம். இன்றைக்கு ஐந்து நிமிஷம் சீக்கிரம். என் கை, ரத்தம் உறைந்த விரலோடு, என்னைக் கேட்காமலே துண்டுகளைக் கூட்டிச் செய்தித்தாளில் வாரத் தொடங்கிவிட்டது, வாரிக்கொண்டு பீரோ பக்கம் இரண்டடி போயும்விட்டேன், அங்கே நின்று என்னையே பார்த்து எனக்கு இன்னொரு கோபம் வந்தது, திரும்பி வந்து எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டினேன். பிளக்கைப் பிடுங்க மறந்த அயர்ன் பாக்ஸ் இன்னும் சூடாக இருந்தது. அரசி பையைத் தோளிலிருந்து இறக்காமல், ‘பாத்தீங்களா?’ என்றபடியே வந்தாள், அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியில் இருந்தது, மேஜையைப் பார்த்ததும் அங்கேயே நின்றது. ‘என்னங்க இது?’ நாள் முழுக்கத் தயாரித்த வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ போய், ‘யாரைக் கேட்டுடி இதுல கை வச்சே?’ என்று கேட்டது என் வாய். நானா? இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒரு எழுத்து வந்ததில்லை. அவளும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். ‘டியா?’ என்றாள். பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். ‘சரி. டியே போடுங்க. இவ்வளவு நாள் கழிச்சு இப்பதான் வீட்டுல ஒரு ஆம்பள சத்தம் கேக்குது. சொல்லுங்க, என்ன பண்ணிட்டேன் நான்?’ மூன்று மாதம், நாற்பத்து மூன்று துணி, நசுக்கிவிட்டாய், கொன்றுவிட்டாய் என்று என்னென்னவோ சொன்னேன், ‘என் பொருள்’ என்று இரண்டு தடவை சொன்னேன். ‘உங்க பொருளா? என் பரண்ல இருந்த பத்திரிக மூட்டைய மிக்ஸில போட்டு அரைச்சீங்களே, நான் கேட்டனா? என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையும் அதுலதான் இருந்துச்சு. பிள்ளையாரை டின்ல பாத்தேன், சரி, மனுஷன் என்னவோ சந்தோஷமா செய்யறாரு, இருக்கட்டும்னு விட்டேன்.’ எனக்குத் தெரியாது. டின் வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ‘அதுக்காக இப்படியா? இதை எடுக்கச் சொன்னது யாரு?’ என்றேன், குரல் இன்னும் இறங்கவில்லை. ‘காட்டணும்னு இருந்துச்சு, எடுத்துட்டுப் போனேன். ஸ்டாஃப் ரூம்ல பதினாறு பேரும் சுத்தி நின்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பண்ணதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன், போயிருந்த கரண்ட் அப்பதான் வந்துச்சு. தலைக்கு மேல ஃபேன். அந்தச் சனியனுக்கு ரெகுலேட்டரே கிடையாது. போட்டா பேய் மாதிரி சுத்தும். அத்தனை துணியும் படபடன்னு எந்திரிச்சு அடிச்சுக்குது, ஐயோ எல்லாம் பிச்சுக்கிட்டுப் போவுதேன்னு முந்தானைய மேல போட்டு அமுக்கிக்கிட்டு வெளிய ஓடுனேன். எனக்கு உயிரே இல்ல. சாயங்காலம் நேரா கடைக்குப் போய்க் குடுத்தேன்.’

‘ஆடுச்சா?’ என்றேன். ‘ஆடுச்சாவா? பறந்துச்சுங்க. கிழிஞ்சிருந்தா உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?’ ‘ஏதாவது ஒண்ணு விட்டுச்சா? ஒட்டு விட்டுச்சா?’ யோசித்தாள். ‘இல்ல. ஒண்ணுகூட விழல.’ நான் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் இரண்டைத் தாண்டி ரெகுலேட்டரைத் திருப்பப் பயந்த நான். முழுக் காற்றில், நாற்பத்து மூன்றும், ஒன்றுகூட விழாமல். பதினாறு டீச்சர்கள் பார்த்திருக்கிறார்கள், இவள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. ‘அது ஆடறதுக்குத்தான் செஞ்சது’ என்றேன். நான் கத்தியதற்கெல்லாம் அசையாமல் நின்றவள், இதற்கு முகம் மாறினாள். மேஜையிலிருந்து காலர் இல்லாத சட்டையை எடுத்து, ஊதினாள், அது ஆடவில்லை, கீழே வைத்தாள். கண் நிறைந்தது, ஆனால் வந்தது அழுகை இல்லை. ‘எனக்கு எப்படித் தெரியும்? என் வண்டிச் சத்தம் கேட்டா ஃபேனை நிறுத்திடுவீங்க. வாரிச் சுருட்டி பீரோ மேல வச்சுடுவீங்க. நான் கதவத் தொறந்தா ரூமெல்லாம் மைதா பச வாசமா இருக்கும், நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு உட்காந்திருப்பீங்க, தலைகீழா புடிச்சுக்கிட்டு. நான் என்ன, ரெய்டுக்கா வர்றேன்? இருபத்தோரு வருஷம் நீங்க அங்க என்ன பண்றீங்கன்னு தெரியாமத்தான் இருந்தேன். இங்க வந்துமா?’ உள்ளே போனாள். குழாய்ச் சத்தம். பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே ஓசையோடு வைக்கப்பட்டது. நான் பீரோ மேலிருந்து, கொடி மட்டும் ஒட்டிவைத்திருந்த இன்னொரு காகிதத்தை எடுத்துவந்து விரித்தேன், துணி மூட்டையை அவிழ்த்தேன், டிராயரிலிருந்து கத்தரியை எடுத்தேன். சமாதானத்துக்காக இல்லை. கோபத்தோடு கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்தவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ‘காபி வேணுமா?’ ‘வேண்டாம்.’ ‘உட்காரலாமா?’ ‘உட்காந்துட்டியே.’ ‘எந்திரிக்கட்டுமா?’ ‘இரு. பேசாதே.’ நாலு துணி வெட்டினேன். ஒருத்தர் பார்க்கும்போது கத்தரி நேராகப் போக மறுக்கிறது. என் கழுத்து வேர்த்தது. அவள் மூச்சுவிடுகிறது கேட்கிறது, வளையல் மேஜையில் இடிக்கிறது, எரிச்சலாக இருக்கிறது, இத்தனை வருஷம் தனியாக இருந்ததே நல்லது என்றுகூட ஒரு நொடி தோன்றுகிறது. ஐந்தாவதாக ஒரு உள்பாவாடையை வெட்டிக் கொடியில் ஒட்டப்போனேன். ‘அதை அப்படிப் போடாதீங்க’ என்றாள். பேசாதே என்றேனே என்று நிமிர்ந்தேன். ‘நாலு குடும்பம் இருக்கற வீட்டு மொட்டமாடில உள்பாவாடைய இப்படி வெளிய தெரியற மாதிரி எவ காயப்போடுவா? மேல ஒரு துண்டு போட்டு மறைச்சுத்தான் போடுவோம். எதிர்வீட்டையே பாத்துக்கிட்டு உட்காந்திருந்தீங்களே, இதுகூடவா தெரியல?’ தெரியவில்லை. மூன்று மாதம் பார்த்திருக்கிறேன், தெரியவில்லை. அப்படியென்றால் முதலில் செய்த மொட்டைமாடி முழுக்கவே தப்பு, நாற்பத்து மூன்றும் வெட்டவெளிச்சமாக, ஆம்பளை காயப்போட்ட கொடி. அதை ஸ்டாஃப் ரூமில் பதினாறு பேரும் பார்த்துச் சிரித்திருப்பார்கள். இவளும் சிரித்திருப்பாள். காது சூடானது. கத்தரியை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மூட்டையைக் கிளறி நீலக் கோடு போட்ட ஒரு துணியை எடுத்து என் பக்கம் தள்ளினாள். அவள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதை எடுத்து, பாவாடையை மறைக்கிற துண்டுக்கு அளவு பார்த்தேன்.